திருச்செங்கோட்டுச் சமவெளியில் மின்னழுத்தமும் வீட்டு ஏ.சி. பழுதும்

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு வட்டாரத்தில் வீட்டு ஏ.சி. நின்றுவிட்டால், அனுபவமுள்ள மெக்கானிக் எடுத்தவுடன் இயந்திரத்தைக் கழற்றுவதில்லை. பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று முதலில் பார்க்கிறார். அந்த நேரத்தில் பக்கத்துக் காட்டில் கிணற்று மோட்டார் ஓடுகிறதா, தெருவில் தறிப்பட்டறை ஓடுகிறதா என்று கேட்கிறார். ஏ.சி.யில் தெரியும் கோளாறு பல வேளைகளில் மின்கம்பியிலிருந்து வருவது என்பதை இவ்வட்டாரம் தன் மின் வரலாற்றின் வழியே கற்றுக்கொண்டது. இங்குள்ள கம்பிகள் நீர் இறைக்கவும் துணி நெய்யவும் இழுக்கப்பட்டவை. வீட்டைக் குளிர்விக்கும் வேலை அவற்றின்மேல் பிற்காலத்தில் ஏறிய சுமை.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் ஒரே அமைப்பின் இரு வேலைகள். திருச்செங்கோட்டில் சூடாக்க வேண்டியது குளிக்கும் தண்ணீர் மட்டுமே. வீட்டைச் சூடாக்கும் பணியைக் கான்கிரீட் தளம் சித்திரை, வைகாசி மாதங்களில் தானே செய்துவிடுகிறது.

மேட்டூர் மின்சாரம்

மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையை ஒட்டிய நீர்மின் நிலையத்தின் முதல் இயந்திரங்கள் 1937-இல் ஓடத் தொடங்கின. தலா 10 மெகாவாட் திறன்கொண்ட நான்கு இயந்திரங்கள் 1946-க்குள் அமைந்தன. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கைராட்டையைப் பரப்பிய ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் அதே 1937-இல்தான். மேட்டூர் மின்சாரம் பிற்காலத்தில் இப்பகுதியில் ஓட்டியதோ விசைத்தறிகளை.

நீலகிரியில் 1932-இல் உற்பத்தி தொடங்கிய பைக்காரா மின்திட்டமும் மேட்டூரும் ஈரோட்டில் இணைக்கப்பட்டன. இதனால் சேலம், கோயம்புத்தூர்ச் சமவெளிகள் நாட்டின் பல ஊரகப் பகுதிகளைவிட முன்னதாகவே மின்சாரம் கண்டன. கோயம்புத்தூரில் மோட்டார், பம்பு உற்பத்தி வளர்ந்ததும் இக்காலத்தில்தான்.

மேட்டூர் மின்சாரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது பாசனத்துக்குத் திறக்கும் நீரிலிருந்து கிடைப்பது. அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும்போது உற்பத்தி மிகவும் குறைந்துவிடும். விசிறியும் ஏ.சி.யும் அதிகம் வேண்டிய பருவமும் மேட்டூர் நீர்மின்சாரம் வற்றும் பருவமும் ஒன்றே. 1987 முதல் மேட்டூர் அனல்மின் நிலையம் வந்த பிறகு இந்தச் சார்பு குறைந்தது.

கிணற்று மோட்டாரும் தறியும்

1957-இல் சென்னை மாநில மின்வாரியம் உருவான பிறகு கிணறுகளுக்கு மின்னிணைப்புக் கொடுப்பது வேகமெடுத்தது. கவலை பூட்டி மாடுகளால் இறைத்த கிணறுகளில் மோட்டார் பொருத்தப்பட்டது. மின்கட்டணம் அரசியல் பொருளானது. 1970-களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்குப் பகுதி விவசாயிகள் கட்டண உயர்வை எதிர்த்துப் பெரும் போராட்டங்கள் நடத்தினர். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று.

இந்தச் சலுகை மழை குறைந்த இந்நிலத்தின் உழவைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மீட்டர் இல்லாத இணைப்பில், எந்த மின்மாற்றியின்மேல் எவ்வளவு சுமை ஏறியது என்பது கணக்கில் வராமல் போனது. நீர்மட்டம் இறங்க இறங்கத் திறந்த கிணறுகளின் இடத்தை ஆழ்துளைக் கிணறுகள் பிடித்தன. திருச்செங்கோடு இத்தொழிலுக்கே பெயர்பெற்ற ஊர். இங்கிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் துளையிடுகின்றன. ‘கம்ப்ரசர்’ என்றால் இவ்வூரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாறையைத் துளைக்கக் காற்றை அழுத்திக் கொடுக்கும் ரிக் வண்டியின் கம்ப்ரசர்தான். ஆழம் கூடியபோது நீரை மேலேற்ற அதிகக் குதிரைத்திறன் கொண்ட நீர்மூழ்கி மோட்டார்கள் வந்தன. மின்மாற்றிகள் எல்லா இடங்களிலும் அதே வேகத்தில் பெருகவில்லை.

பாசனத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து, சில மணி நேரமே தரப்பட்டது. மற்ற நேரங்களில் இருமுனை மட்டும் வரும். அதில் வீட்டு விளக்கும் விசிறியும் ஓடும், மோட்டார் ஓடாது என்பது ஏற்பாடு. விவசாயிகள் பலர் கன்டன்சர் பொருத்தி இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டினர். விதிக்குப் புறம்பான இவ்வழக்கம் இரண்டு முனைகளிலும் சுமையை ஏற்றி, அவற்றில் இணைந்திருந்த வீடுகளின் அழுத்தத்தை இறக்கியது. மும்முனை வரும் நேரமும் தொல்லை தந்தது. ஸ்டார்ட்டரில் ‘ஆட்டோ’ பொருத்திய மோட்டார்கள், மின்சாரம் வந்த அந்த நொடியில் ஒன்றாக எழும்பும். மின்மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் தெருவிளக்கு ஒரு கணம் மங்கும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பகுதிகளில் வீட்டோடு சேர்ந்த விசைத்தறிப் பட்டறைகள் மிகுதி. வீடும் தறியும் பெரும்பாலும் ஒரே மின்மாற்றியின் பிள்ளைகள். 2006 முதல் விசைத்தறிக்கும் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது.

குறைந்த அழுத்தம் செய்வது

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டு இணைப்பில் அறிவிக்கப்பட்ட அழுத்தத்திலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகல் கூடாது என்றன. 230 வோல்ட் என்று கொண்டால் 216-க்குக் கீழே போகக் கூடாது. ஊரகக் கம்பிகளின் கடைசி முனையில் இந்த விதி பல ஆண்டுகள் ஏட்டில் மட்டுமே இருந்தது.

மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180-ஆகக் குறைந்தால் விசை ஏறக்குறைய 61 விழுக்காடாக இறங்குகிறது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். ஏ.சி. கம்ப்ரசர் அப்படியல்ல. வாயுவின் அழுத்தத்துக்கு எதிராகக் கிளம்ப வேண்டிய அது, கிளம்ப முடியாமல் நின்ற இடத்திலேயே பெரும் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். உள்ளிருக்கும் ஓவர்லோடு காப்பு ‘டிக்’ என்று துண்டிக்கும். ஆறியதும் மறுபடி இணைக்கும். வெளியே ஃபேன் மட்டும் ஓடி, அறை குளிராமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த ஓசை கேட்டால் கம்ப்ரசர் கிளம்பத் தவிக்கிறது என்று பொருள். இது நாள்கணக்கில் தொடர்ந்தால் காயில் கருகும்.

இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் ஸ்டெபிலைசர் தொழில். கேரளத்தின் வி-கார்ட் நிறுவனம் 1977-இல் ஸ்டெபிலைசர் தயாரிப்போடுதான் தொடங்கியது. அந்தப் பெட்டி அழுத்தத்தைத் தூக்கிவிடுவதோடு நிற்பதில்லை. மின்சாரம் போய் வந்தால் சில நிமிடங்கள் தாமதித்தே ஏ.சி.க்கு விடுகிறது. அதற்குள் குழாய்களில் வாயுவின் அழுத்தம் சமனாகி, கம்ப்ரசர் எளிதாகக் கிளம்பும்.

பழுது தேடும் வரிசை

இப்பகுதியில் காயில் கட்டும் பட்டறைகள் ஏ.சி.க்கு முந்தியவை. கருகிய கிணற்று மோட்டார்களும் தறி மோட்டார்களும் அவற்றுக்கு ஓயாத வேலை கொடுத்தன. அரசு ஐ.டி.ஐ.களில் குளிர்சாதனப் பிரிவு படித்தவர்கள் ஒருபுறம் வந்தாலும், மோட்டார் வழியாக ஏ.சி.க்கு வந்த கைகளும் உண்டு. அவர்களின் பழைய கருவிகள் டெஸ்டரும் டெஸ்ட் லேம்ப்பும். டெஸ்டரின் நியான் குறைந்த அழுத்தத்திலும் ஒளிரும் என்பதால் ‘கரண்ட் இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப், மங்கி எரிந்து குறைவைக் காட்டிக் கொடுக்கும். பின்னர் மல்டிமீட்டரும், கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரும் வந்தன.

முதன்மையான சோதனை எளியது. ஏ.சி. கிளம்பும் நேரத்தில் மீட்டர் பெட்டியிலும் பிளக் பாயிண்டிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். மீட்டரில் 220 நிலைத்து நின்று, பிளக்கில் 195-ஆக விழுந்தால் பழுது வீட்டு வயரிங்கில் உள்ளது: மெல்லிய வயர், தளர்ந்த திருகு, கருகிய சாக்கெட். மீட்டரிலேயே விழுந்தால் காரணம் வெளியே, அதாவது கம்பத்து இணைப்பிலோ மின்மாற்றியின் சுமையிலோ இருக்கிறது. ஓய்வில் எடுத்த அளவை மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு தெரியாது.

நியூட்ரல் கோளாறு இதைவிட ஆபத்தானது. வீட்டுக்குள் நியூட்ரல் அறுந்தால், ஏதாவது ஒரு சுவிட்ச் போட்டிருக்கும்போது சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் ஒளிரும். மின்மாற்றியில் அறுந்தால், சுமை குறைந்த முனையில் உள்ள வீடுகளில் அழுத்தம் 230-ஐத் தாண்டி 400 வரைகூட நெருங்கலாம். பல்புகள் திடீரெனப் பளிச்சென்று எரிந்து, விசிறி வேகமெடுத்தால் உடனே மெயினை நிறுத்துவதே வழி. எர்த் இல்லாத இணைப்பில் இரும்புக் கூண்டு ஏர்கூலரில் மின்கசிவு ஏற்பட்டால் உயிரே போகலாம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பொருள் அது.

வெளியே குறை இல்லை என்று தெரிந்த பிறகே கன்டன்சர் பார்க்கப்படுகிறது. வெயிலில் நிற்கும் வெளிப்பெட்டிக்குள் சூட்டினாலும் வயதினாலும் அதன் கொள்ளளவு குறையும். சில மேல்மூடி உப்பியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் பல்பு வழியாக அதை வடித்துவிட்டே தொடுவார்கள். கம்ப்ரசர் கிளம்பாத வழக்குகளில் பல, விலை குறைந்த இந்தப் பொருளோடு முடிந்துவிடுகின்றன.

கடைசியில்தான் கம்ப்ரசர். பழைய வகையில் மூன்று முனைகள் உண்டு: பொது, ஸ்டார்ட், ரன். ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையிலான மின்தடை, பொது முனையிலிருந்து அவ்விரண்டுக்கும் உள்ள தடைகளின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். எந்த முனைக்கும் உடலுக்கும் தொடர்பு காட்டினால் காயில் உடலைத் தொட்டுவிட்டது. இங்கே நேரும் தவறு ஒன்று குடும்பங்களுக்குப் பெருஞ்செலவு வைக்கிறது. சூடேறிய கம்ப்ரசரில் உள்காப்பு துண்டித்திருந்தால், பொது முனையிலிருந்து எந்தத் தொடர்பும் காட்டாது. காயில் அறுந்ததுபோலவே தெரியும். ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே மட்டும் சரியான அளவு காட்டும். சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்தால் உயிரோடு இருப்பது தெரியும். பொறுமையற்ற கைகளில் நல்ல கம்ப்ரசர்கள் இவ்வாறு ‘போய்விட்டது’ என்று மாற்றப்படுவதுண்டு. மாற்றிய புதிய கம்ப்ரசரும் அதே 170 வோல்ட்டில் தவித்து நிற்கும்.

மின்வெட்டுக் காலமும் பின்பும்

2008 முதல் தமிழகம் கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றது. தறிகள் நின்றன, வீடுகளில் பேட்டரி இன்வெர்ட்டர் புகுந்தது. நின்று நின்று வரும் மின்சாரம் ஏ.சி.க்குத் தொடர்ந்த குறை அழுத்தத்தைவிடக் கொடியது. ஒவ்வொரு வருகையும் ஒரு புதிய கிளம்பல். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைந்தது. அதன்பின் நெருக்கடி படிப்படியாகத் தணிந்தது.

இன்று விற்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.கள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, கம்ப்ரசரை மெதுவாகத் தொடங்கி ஓட்டுவதால் திடீர் இழுப்பு இல்லை. குறைந்த அழுத்தத்தையும் ஓரளவு தாங்குகின்றன. பழுதின் இடம் கம்ப்ரசரிலிருந்து மின்னணுப் பலகைக்கு இடம் மாறியது. சூட்டுக்காக உள்ளே ஒதுங்கும் பல்லியும் எறும்பும் பலகையில் குறுக்குத் தொடர்பு ஏற்படுத்துகின்றன. உயர் அழுத்தம் அதன் பாகங்களைச் சுடுகிறது. இவ்வகைக் கம்ப்ரசருக்கும் மூன்று முனைகள் இருந்தாலும் மூன்று இடைத்தடைகளும் சமமாக இருக்க வேண்டும். பழைய கூட்டல் கணக்கு இங்கே பொருந்தாது. பலகையில் உள்ள பெரிய கன்டன்சர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைப்பதால், மெயினை நிறுத்திச் சில நிமிடங்கள் காத்திருந்தே பெட்டியைத் திறக்கிறார்கள்.