ஈட்டுக் கடனும் மீட்பு உரிமையும்

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்தது ஆரியசாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் தலைநகரின் தேவைகளுக்காக நிறுவிய அங்காடி அது. அங்கே தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பருப்பும் மிளகாயும் மல்லியும் விற்று வாழ்ந்து வருகின்றனர். நவராத்திரிக் காலத்தில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் அந்நகருக்குப் பவனி வருவர். அவர்களுள் குமாரசுவாமி தங்குமிடம் ஆரியசாலைக் கோயில்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், பவனி புறப்படும் அம்மூன்று ஊர்களும் கன்னியாகுமரி மாவட்டத்துடன் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. ஆரியசாலை கேரளத்தில் நின்றது. பவனி மட்டும் நிற்கவில்லை. தெய்வங்கள் ஆண்டுதோறும் எல்லையைக் கடந்து வந்து, விழா முடிந்ததும் மீண்டு செல்கின்றன. மக்களுடைய நிலப் பத்திரங்களுக்கும் கடன் பத்திரங்களுக்கும் அத்தகைய எளிய வழி அமையவில்லை. கடைத்தெருவிலே வீடும் நாஞ்சில் நாட்டிலே வயலும் உடைய குடும்பம், ஓரிரவில் இரண்டு அரசுகளின் சட்டங்களுக்கு உட்பட்டது. வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்குவோர்க்கும், வாங்கிய கடனை வேறிடத்துக்கு மாற்ற விரும்புவோர்க்கும் ஏற்படும் இடர்களை ஆராய இவ்வூர் தக்கதொரு தொடக்கம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழரிடையே இன்று அடிக்கடி கேட்கப்படும் மனக்குறை ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தில் வீட்டுக்கடன் வாங்குகிறார்கள். சில ஆண்டுகளில் வேறொரு நிறுவனம் குறைந்த வட்டிக்குக் கொடுக்க முன்வருகிறது. பழைய கடனைத் தீர்த்துப் புதிய கடனுக்கு மாற முயல்கிறார்கள். அப்போது கணக்குச் சீட்டுத் தாமதமாகிறது. எதிர்பாராத கட்டணம் குறுக்கிடுகிறது. பணம் முழுவதும் செலுத்திய பின்னரும் வீட்டுப் பத்திரம் கைக்கு வருவதில்லை. இக்குறை புதியதன்று. கடன் கொடுத்தவன் பிடியிலிருந்து சொத்தை விடுவித்துக்கொள்ளும் உரிமை எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்பதை அறிந்தால், இன்றைய குறைகளின் வேரும் விளங்கும். அவற்றை எதிர்கொள்ளும் வழியும் விளங்கும்.

தெற்கே பழைய வழக்கில் ஒற்றி என்பது பரவலாக இருந்த முறை. நிலத்தைக் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைத்து, அவன் அதன் விளைச்சலை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பான். மேலும் பணம் வேண்டுமாயின் அதே நிலத்தின் மீது புறங்கடம் வாங்கலாம். சொத்தை விற்க நேர்ந்தால், மலையாள நாட்டு வழக்கப்படி ஒற்றிக்காரனுக்கே முதலில் வாங்கும் உரிமை உண்டு. இம்முறையில் கடனாளி வேறொருவரிடம் குறைந்த வட்டிக்குப் பணம் பெற முயன்றாலும், கையிலே நிலமும் இல்லை, விளைச்சலும் இல்லை. ஒற்றியை மீட்டுக் கொடுக்கப் புதியவன் முன்வந்தாலன்றி அவனுக்கு விடுதலை கிடையாது.

1865-ஆம் ஆண்டில் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், திவான் மாதவராவ் பொறுப்பிலிருந்தபோது, பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளிவந்தது. சர்க்கார் நிலங்களில் பாட்டக்காரராக இருந்த குடிகள் அந்நிலங்களுக்கு உடையவராயினர். விற்கவும் ஈடு வைக்கவும் உரிமை பெற்றனர். குடியானவர்களின் பெரும் உரிமைச் சாசனம் என்று இதனைப் போற்றினர். ஆனால் ஈடு வைக்கும் உரிமை கடன் வாங்கும் வசதியைக் கொண்டுவந்தது போலவே, கடனில் மூழ்கும் அபாயத்தையும் கொண்டுவந்தது. நிலம் உரிமையாயிற்று, உரிமையே பணயப் பொருளாயிற்று.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 60-ஆம் பிரிவின்படி, கடன் திரும்பச் செலுத்தவேண்டிய காலம் வந்த பிறகு, பணத்தைக் கட்டிச் சொத்தையும் பத்திரங்களையும் திரும்பப் பெறும் உரிமை கடனாளிக்கு உண்டு. 1929-இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது 60-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் சாரம் இது: மீட்கும் உரிமை பெற்ற கடனாளி விரும்பினால், சொத்தைத் தன்னிடம் திருப்புவதற்குப் பதிலாக, தான் காட்டும் மூன்றாம் ஆளுக்கு ஈட்டைப் பெயர்த்துக் கொடுக்கும்படி கேட்கலாம், கடன் கொடுத்தவன் அதற்குக் கட்டுப்பட்டவன். இன்றைய கடன் மாற்றத்தின் விதை இதுவே. கடன் கொடுத்தவன் பணத்தை வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் செலுத்தலாம் என்று 83-ஆம் பிரிவு கூறுகிறது. முறைப்படி செலுத்தினால் வட்டி ஓடுவது நிற்கும் என்கிறது 84-ஆம் பிரிவு.

திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களில் இச்சட்டம் நேராகச் செல்லவில்லை. எனினும் அதன் அடிப்படையான நீதி சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. ஆல்வார் சமஸ்தானத்தில் எழுந்த ஒரு வழக்கில், குறித்த தவணைக்குள் மீட்காவிட்டால் சொத்து கடன் கொடுத்தவனுக்கே உரியதாகும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். அச்சட்டம் அங்கே நடைமுறையில் இல்லாதபோதும், மீட்பு உரிமையை அத்தகைய நிபந்தனையால் தடுக்க முடியாதென்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈடு என்றும் ஈடே. கடன் கொடுத்தவனுடைய தந்திரத்தால் அது விற்பனையாக மாறிவிடாது என்பதே அதன் பொருள்.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? மாற்றிக்கொள்ள மற்றொரு நல்ல கடன் வேண்டுமல்லவா? அதற்கெனப் பிறந்தவையே நில ஈட்டு பாங்குகள். சென்னை மாகாணத்தில் 1925 முதல் இவை தோன்றலாயின. 1929-இல் மத்தியக் கூட்டுறவு நில ஈட்டு பாங்கு சென்னையில் அமைந்தது. கடன் பத்திரங்களை வெளியிட்டு நீண்டகாலப் பணம் திரட்டி, விவசாயிகளின் பழைய கடுவட்டிக் கடன்களைத் தீர்ப்பதே இவற்றின் தலையாய பணியாக இருந்தது. திருவிதாங்கூரிலும் 1930-களின் பிற்பகுதியில் அரசின் ஆதரவோடு திருவிதாங்கூர் கிரெடிட் பாங்கு இதே நோக்கத்துடன் ஏற்பட்டது. ஆனால் நில உரிமையை ஆராய்ந்து, வில்லங்கம் பார்த்து, மதிப்பிட்டு, பணம் வழங்குவதற்குள் காலம் கடந்துவிடும். அந்த இடைக்காலத்தில் பழைய கடன்காரனின் வட்டி வளர்ந்துகொண்டே செல்லும். குறைந்த வட்டியினால் வரவேண்டிய இலாபத்தைத் தாமதமே விழுங்கிவிடும்.

விலைவாசி வீழ்ந்த 1930-களில் பொறுக்க முடியாத நிலை வந்தது. சென்னையில் இராஜாஜி அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1937 அக்டோபர் முதல் நாள் வரை நிலுவையிலிருந்த பழைய கடன்களின் வட்டியை அது நீக்கியது. முதலைப் போல் இருமடங்கு செலுத்தியவருடைய பழைய கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்பட்டது. திருவிதாங்கூரும் கொல்லம் ஆண்டு 1116-இல், அதாவது 1940-41-இல், தன் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இதே காலத்தில் கடனாளிகள் மற்றொரு பாடத்தையும் கற்றனர். 1912-இல் திருவல்லாவில் தோன்றிய திருவிதாங்கூர் நாஷனல் பாங்கும், 1919-இல் தோன்றிய குயிலான் பாங்கும் 1937-இல் இணைந்தன. இணைந்த பாங்கு 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது, பின்பு கலைக்கப்பட்டது. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. பாங்கு வீழும்போது பணம் போட்டவர்களின் துயரத்தையே உலகம் பேசுகிறது. கடன் வாங்கியவர்களுக்கும் அது சோதனையே. கலைப்பு அதிகாரி நிலுவைகளைத் திரட்டும் கடமையுடையவர். ஈட்டுப் பத்திரங்கள் அவருடைய பொறுப்புக்குச் செல்கின்றன. யாரிடம் கடன் வாங்குகிறோம் என்பது எவ்வளவு வட்டி என்பதைப் போலவே முக்கியமானது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1977-இல் எச்.டி.எப்.சி. தொடங்கியபின் வீட்டுக்கடன் நடுத்தரக் குடும்பங்களை எட்டியது. 1988-இல் தேசிய வீட்டுவசதி பாங்கு ஏற்பட்டு, வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கே மறுநிதி வழங்கியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் மீட்கும் உரிமையைத் தவணை முடிந்த பிறகே தந்தது. இருபது ஆண்டுத் தவணைக்கு வாங்கும் வீட்டுக்கடனை ஐந்தாம் ஆண்டிலேயே தீர்க்க விரும்பினால், அது ஒப்பந்தத்தின் வார்த்தைகளைப் பொறுத்ததாயிற்று. அந்த இடைவெளியிலேதான் முன்கூட்டித் தீர்ப்பதற்கான அபராதக் கட்டணம் புகுந்தது. 2010-இல் போட்டி ஆணையத்தின் முன் இது வழக்காகச் சென்றபோது, கட்டணம் சட்ட விரோதமன்று என்று பெரும்பான்மை உறுப்பினர் கருதினர். ஆனால் பாங்குகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த தாமோதரன் குழு, மலிவான கடனுக்கு மாறுவதை இக்கட்டணம் தடுக்கிறது என்று 2011-இல் எடுத்துரைத்தது. மாறும் வட்டிக்குத் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடன்களில், அந்த ஆண்டே தேசிய வீட்டுவசதி பாங்கு வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும், 2012 ஜூனில் ரிசர்வ் பாங்கு மற்ற பாங்குகளுக்கும் இக்கட்டணத்தைத் தடைசெய்தன.

வட்டியைப் பற்றிய மனக்குறைக்கும் காரணம் உண்டு. ரிசர்வ் பாங்கு தன் வட்டியை உயர்த்தினால் கடனாளியின் வட்டி விரைந்து உயர்கிறது. குறைத்தால் மெல்லவே குறைகிறது. புதிய வாடிக்கையாளருக்குத் தரும் சலுகை பழையவருக்குக் கிடைப்பதில்லை. ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் பாங்கு அமைத்த ஆய்வுக் குழு, அடிப்படை வட்டியைக் கணக்கிடுவதில் பாங்குகள் வகுத்த நெறியிலிருந்து விலகியிருந்ததை 2017-இல் சுட்டிக்காட்டியது. அதன் பின்னர் 2019 அக்டோபர் முதல் பாங்குகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரிசர்வ் பாங்கின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும் என்றாயிற்று. வீட்டுக்கடன் நிறுவனங்களை இவ்விதி கட்டுப்படுத்தவில்லை என்பதை மாற நினைப்போர் மறத்தலாகாது.

2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தபோது, மாதத் தவணையை ஏற்றாமல் தவணைக்காலத்தை நீட்டிய நிறுவனங்கள் பல. மாதந்தோறும் செலுத்தும் தொகை மாறாததால், கடன் நீண்டதையே அறியாதிருந்தவர் உண்டு. இத்தகைய மாற்றத்தைக் கடனாளிக்கு அறிவிக்க வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு ஆணையிட்டது.

பத்திரம் பற்றிய ஆணை அதனினும் நெடுநாள் எதிர்பார்க்கப்பட்டது. 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் பிழையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை தர வேண்டும். பத்திரம் தொலைந்தால் நகல் பெற உதவிச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். கடன் கணக்கு நடந்த கிளையிலோ, பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, விரும்பிய இடத்தில் கடனாளி அதனைப் பெற்றுக்கொள்ளலாம். ஊர் மாறி வாழும் நம்மவர்க்கு இவ்வசதி மிகப் பெரிது.

வணிகர்க்கும் ஒரு செய்தி உண்டு. கடைக்காக வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடன், வீட்டுக்கடன் அன்று. ஆதலால் 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்பு அதற்கு எட்டவில்லை. தனிநபரும் குறு, சிறு தொழில் நடத்துவோரும் தொழிலுக்காக வாங்கும் மாறும் வட்டிக் கடன்களிலும் முன்தீர்ப்புக் கட்டணம் கூடாது என்னும் விதியை 2025 ஜூலையில் ரிசர்வ் பாங்கு வெளியிட்டது. 2026 ஜனவரி முதல் நாளிலோ அதன் பின்போ வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கே இது பொருந்தும்; சிறு நிதி பாங்குகள் போன்ற சிலவகை நிறுவனங்களில் கடனளவுக்கு வரம்பும் உண்டு. பழைய கடன் உடையோர் தம் பத்திரத்தின் நாளை முதலில் பார்த்தல் நலம்.

இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. மாற்றிக்கொள்ளும் உரிமை 1929-லேயே எழுதப்பட்டது. அதனை உயிருள்ளதாக்க எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு மேல் முறையீடுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு விதிக்கும் பின்னே வாய்விட்டுச் சொல்லப்பட்ட குறைகள் உள்ளன. ஆகவே கடனை மாற்ற விரும்புவோர் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். கணக்கை வேறிடத்துக்கு மாற்றும் கோரிக்கைக்கு 21 நாட்களுக்குள் இசைவோ மறுப்போ தெரிவிக்க வேண்டும் என்பது 2003 முதலே பாங்குகளுக்கு வகுக்கப்பட்ட நெறி. ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலைக் கடன் வாங்கும் நாளிலேயே கையொப்பத்துடன் பெற்று வைக்க வேண்டும். குறைக்கும் வட்டியோடு, புதிய இடத்தின் பரிசீலனைக் கட்டணத்தையும் முத்திரைச் செலவையும் எஞ்சிய ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முறையிட்டு 30 நாட்களாகியும் தீர்வு இல்லையாயின் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2021-இல் ஒருங்கிணைக்கப்பட்ட அம்முறையில், எந்த மொழியிலும் முறையீட்டை எழுதி அனுப்ப வழி செய்யப்பட்டது.

பிற மொழி வழங்கும் ஊரில் வாழ்கிறோம் என்பதால் உரிமையைக் கேட்க நாம் தயங்க வேண்டுவதில்லை. தமிழிலேயே எழுதலாம். கடன் வாங்கியவன் கடனைத் தீர்ப்பது அறம். தீர்த்தவனுடைய பத்திரத்தைத் தாமதமின்றித் திருப்பித் தருவதும் அதே அறத்தின் மறுபாதி.