கரும்பின் அடியும் நுனியும்

நம் வட்டாரக் கரும்பு உழவர் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தார்கள். தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இது பெரும்பேறு. கரணை நடவு, மறுதாம்பு, வெட்டுக்கூலி பற்றியெல்லாம் நீங்கள்தாம் எனக்குச் சொல்லித்தர வேண்டும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அதியமானின் முன்னோர் தேவரைப் போற்றி, வேள்வி வளர்த்து, கரும்பையும் இம்மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். ஓர் அரசனின் குலப்பெருமையில் ஒரு பயிருக்கும் இடம் தந்த அந்த மூதாட்டியை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. நாலடியாரில் சமண முனிவர்கள் இன்னும் நுட்பமாகப் பார்க்கிறார்கள். கற்றறிந்தவர் நட்பு குருத்திலிருந்து அடிநோக்கிக் கரும்பு தின்பது போன்றது. இனிமையற்றவர் தொடர்போ அதற்கு நேர்மாறானது. நாவறிந்த இந்த அடி நுனி வேறுபாட்டிலிருந்தே இன்றைய ஆய்வும் தொடங்குகிறது. ஒரே கரும்பு, ஒரே மரபணுத் தொகுதி. பிறகு ஏன் அடிக்கணுவில் சர்க்கரை சேர்கிறது, குருத்தில் சேர்வதில்லை?

அதற்குமுன் கோயம்புத்தூரை வணங்கிவிட வேண்டும். 1912-இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற ஆலைக்கரும்பை, அவ்வூர்ப் பக்கத்து நாணலோடு கலப்பினம் செய்தார்கள். இனிப்பு இல்லாத, ஆனால் எதையும் தாங்கும் நாணல்! பிறந்தது கோ 205. 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. இன்று உலகில் பயிராகும் கரும்பினங்களில் நாணலின் குருதி ஓடாதது அரிது.

ஆனால் அந்தக் கலப்பின் விலையை விஞ்ஞானிகள் இன்றும் செலுத்துகிறார்கள். ஆலைக்கரும்புக்குக் குரோமோசோம் 80, நாணலுக்கு 40 முதல் 128 வரை. கலப்பினங்களில் 100 முதல் 130 வரை. மரபணுத் தொகுதி ஏறத்தாழ 1,000 கோடி டி.என்.ஏ. எழுத்திணைகள், மனிதனுடையதைப்போல மூன்று மடங்கு. ஆர் 570 என்ற இனத்தின் விரிவான வரைபடம் 2024-இல்தான் வெளிவந்தது.

முழுத்தொகுதியைப் படிக்க முடியாத காலத்தில் ஆய்வாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். வீட்டிலுள்ள பாத்திரங்களை எண்ணாமல், இன்று அடுப்பில் ஏறியிருப்பதை மட்டும் பார்ப்பது அது. செயல்படும் மரபணு மட்டுமே செய்தி ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும். வேர், இலைச்சுருள், தண்டு, பூங்கதிர் என்று தனித்தனியே அதைப் பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, பாக்டீரியாவில் ஏற்றிப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் சில நூறு எழுத்துகளை மட்டும் படிப்பார்கள். ஈ.எஸ்.டி. எனும் துணுக்குகள் இவைதாம். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்து ஆய்வுக்கூடங்கள் கூடி நடத்திய ‘சுசெஸ்ட்’ திட்டம் சுமார் 2,38,000 துணுக்குகளைத் திரட்டி, ஏறத்தாழ 43,000 தொகுப்புகளாக அடுக்கியது. 2003-இல் அதன் முடிவுகள் வெளியாயின.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முதிர்ந்துவரும் தண்டை ஆராய்ந்தபோது கண்டதுதான் எனக்கு வியப்பு. சர்க்கரையை ஆக்கும் மரபணுக்கள் அங்கே முழங்கிக்கொண்டிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். ஓங்கி ஒலித்தவையோ நாரை ஆக்கும் மரபணுக்கள். சர்க்கரைக்குரியவை அடக்கமாகவே இருந்தன. ஆகவே இனிப்புக்கு ஒரேயொரு மரபணுவைத் தேடுவது வீண். சர்க்கரையைக் கடத்துவதும் செல்லுக்குள் தேக்குவதும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை.

இந்த ஆய்வால் உங்களுக்கு என்ன பயன்? ஓர் இனம் கலப்பிலிருந்து வயலுக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேலாகிறது. வடநாட்டில் கொடிகட்டிப் பறந்த கோ 0238 செவ்வழுகலுக்கு இரையானதை அறிவீர்கள். அந்நோயின் பூஞ்சை தாக்கும்போது தாங்கும் இனத்தில் விழிக்கும் மரபணு எது, தாங்காததில் உறங்குவது எது என்று தெரிந்தால், நாற்றுப் பருவத்திலேயே தேர்ந்தெடுக்க ஓர் அடையாளம் கிடைக்கக்கூடும்.

உயிரியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு என் வேண்டுகோள் ஒன்று: உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியலையும் படிக்க வையுங்கள். பிரேசிலியர் திரட்டிய துணுக்குகள் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நம்மூர்ப் பிள்ளையும் கணினி முன் அமர்ந்து கட்டணமின்றி எடுத்துப் படிக்கலாம்.