குழந்தை வளர்ச்சி மேல்நிலைத் தொழிற்பாடமாகும்போது

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 11, 12ஆம் வகுப்புகளுக்கு வைத்திருக்கும் திறன் பாடங்களில், வங்கியியல், தோட்டக்கலை போன்றவற்றோடு முன்பருவக் குழந்தைப் பராமரிப்பும் கல்வியும் ஒன்று. பிறர் குழந்தையைப் பேணக் கற்றறிய வேண்டிய திறன் உண்டு என்பதை இப்பட்டியல் சொல்லாமல் சொல்கிறது. ஆனால் அத்திறனையே நம்பி நடக்கும் அங்கன்வாடிப் பணி, 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது முதல், நடுவணரசின் ஏடுகளில் மதிப்பூதியம் பெறும் தொண்டாகவே இருந்துவருகிறது. பாடம் திறன் என்கிறது; பணி தொண்டு என்கிறது. இம்முரணைத் தீர்க்காமல் பாடத்தை மட்டும் பரப்புவதில் பயனில்லை. தீர்ப்பதற்கான முதல் கருவியோ பாடத்துக்குள்ளேயே, உற்றுநோக்கலை அது கற்பிக்கும் விதத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழந்தை வளர்ச்சி நம் பள்ளிகளுக்குள் மனையியலின் கைபிடித்து வந்தது. நாளைய தாய்க்கு இன்றே சொல்லிவைப்பது என்ற நோக்கம் அதில் நெடுங்காலம் ஒட்டியிருந்தது. இன்றும் இப்பாடம் பெண்பிள்ளைகளுக்கு உரியது என்று கருதப்படுவதற்கு அதுவே வேர். தாய்க்கு வேண்டிய அறிவும் பணியாளருக்கு வேண்டிய அறிவும் ஒன்றல்ல. தாய் தன் ஒரு பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து அறிவாள். அங்கன்வாடிப் பணியாளரோ வெவ்வேறு வீடுகளிலிருந்து வரும், வெவ்வேறு வயதுடைய பிள்ளைகளை ஒரே அறையில், அவர்களின் முன்கதை தெரியாமல் எதிர்கொள்கிறார். ஒரு பிள்ளையின் செயல் அந்த வயதின் இயல்பான வீச்சுக்குள் இருக்கிறதா, வெளியே போகிறதா என்பதை அவர் கணிக்க வேண்டும். தாய்மை உணர்வு இதற்கு உதவலாம், போதாது.

பாடநூல்கள் தடுமாறும் இடமும் இந்த வீச்சுதான். “12 மாதத்தில் நடக்கும்” என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைப்பது எளிது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கும் தோது. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இயக்க வளர்ச்சி ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்குவது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதம் கடந்த வயது வரை பரவிக் கிடக்கிறது. சில குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிடுகின்றன. ஒற்றை எண்ணை மட்டும் கற்ற மாணவி 14 மாதக் குழந்தையின் தாயை வீணாகக் கலங்கவைப்பாள். வீச்சைக் கற்றவளோ 20 மாதமாகியும் நடக்காத குழந்தையை மருத்துவரிடம் அனுப்பத் தயங்கமாட்டாள்.

வீச்சைக் களத்துக்குக் கொண்டுவருவது இயலாத காரியமல்ல. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான வளர்ச்சிக் கணிப்பு அட்டை, குழந்தை வளர்ச்சியை அளக்கும் பெய்லி அளவுகோலிலிருந்து தேர்ந்தெடுத்த 17 செயல்களை மட்டும் கொண்டது. பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்கானது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வயதுப் பட்டை உண்டு. குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட பட்டைகளின் செயல்களை எல்லாம் குழந்தை செய்ய வேண்டும். இதைப் பயன்படுத்தப் பட்டம் தேவையில்லை. ஆனால் குழந்தை செய்ததையும், செய்ததாக நாம் நினைத்துக்கொள்வதையும் பிரித்தறியும் கண் தேவை.

அந்தக் கண் பயிற்சியால் வருவது. 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறைக்கு உற்றுநோக்கலே அடிப்படை. 16 வயது மாணவி குழந்தையைப் பற்றி முதலில் எழுதுவது பெரும்பாலும் தீர்ப்பாக இருக்கும்: “சுட்டி”, “மந்தம்”, “பிடிவாதக்காரி”. “மூன்று கட்டைகளை அடுக்கினாள், நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பையனைப் பார்த்தாள், அவன் சிரித்ததும் அடுக்கைத் தட்டிவிட்டாள்” என்று எழுத வைப்பதற்குள் ஒரு பருவம் போய்விடும். போகட்டும். அறிவு வளர்ச்சிக்குப் பியாஜே வகுத்த நான்கு நிலைகளைப் பிழையின்றி ஒப்பிப்பதைவிட இந்த மூன்று தொடர்கள் மதிப்புள்ளவை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும்: ஏழைப் பெண்பிள்ளைகளைக் குறைந்த ஊதிய வேலைக்குள் தள்ளும் வழியல்லவா இது? நியாயமான கேள்வி. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் தருவதும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நிலையைச் சற்றே மாற்றியுள்ளன. வாசல் மட்டும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர் நியமனத்துக்குக் கீழ்வரம்பு 25 வயது. இப்பாடத்தைப் படித்து 17, 18 வயதில் வெளிவருபவர் ஏழாண்டு என்ன செய்வார்? தேசியக் கல்விக் கொள்கை 2020, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி என்கிறது. இதையே இரண்டாண்டு படித்து வந்தவருக்கு அதில் என்ன விலக்கு என்று சொல்லவில்லை.

பயிற்சி பெற்றவர்களின் அணி இல்லாததன் விளைவைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபோது, தொடக்க வகுப்புகளுக்கெனப் பயின்ற இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் வந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அவர்கள் பயின்றிருக்கவில்லை.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வளாகம் ஒன்றாக இருக்கும் இடங்களில் மாற்றத்தைத் தொடங்கலாம். மாணவர், ஆணோ பெண்ணோ, ஒரே குழந்தையை ஓராண்டு தொடர்ந்து கவனித்து எழுதும் ஏடு செய்முறை மதிப்பெண்ணில் பாதியைப் பெற வேண்டும். அந்த ஏடு நியமனத்தில் முன்னுரிமையாகக் கணக்கிடப்பட வேண்டும். ஏட்டை வாசித்துத் திருத்தும் அங்கன்வாடிப் பணியாளருக்கு அதற்கெனத் தனி நேரமும் ஊதியமும் ஒதுக்கியாக வேண்டும். அங்கன்வாடி விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியே அவர் பொழுதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒதுக்காவிட்டால், செய்முறைக்கு வரும் மாணவர் பதிவேடு நிரப்பவும் முட்டை உரிக்கவும்தான் பயன்படுவார்.