வேலிக்கடவையும் ஓர் அடைமொழியும்

இங்கிலாந்தின் நாட்டுப்புற வயல்வெளிகளில் நடப்பவர் சில நூறு அடிகளுக்கொரு முறை வேலியையோ சுவரையோ ஏறிக் கடக்க நேரிடும். அந்த இடத்தில் அமைந்திருக்கும் சிறு படியமைப்பை ஆங்கிலத்தில் 'ஸ்டைல்' என்பர். தமிழில் வேலிக்கடவை எனலாம். டெர்பிஷர், யார்க்‌ஷர் பகுதிகளில் சாந்தின்றிக் கல்லை மட்டுமே அடுக்கிக் கட்டிய சுவரில், நீண்ட கற்கள் சில இருபுறமும் துருத்தி நின்று படிகளாகின்றன. சில இடங்களில் இரண்டு செங்குத்துக் கற்களுக்கு நடுவே ஒடுங்கிய இடைவெளி மட்டும் இருக்கும்; மனிதக் கால் நுழையும், ஆட்டின் வயிறு நுழையாது. கார்ன்வாலில் குழியின் மேல் கருங்கல் தண்டுகளைக் குறுக்கே கிடத்தி வைத்திருப்பார்கள்; கால்நடை அதன்மேல் கால்வைக்க அஞ்சும். வடிவம் எதுவானாலும் வேலை ஒன்றே: மனிதனை விட்டு மாட்டை மறிப்பது.

இச்சொல் பழைய ஆங்கிலத்தின் 'ஸ்டிகெல்' என்பதன் வழிவந்தது. 'ஸ்டிகான்' என்றால் ஏறுதல். ஜெர்மானியத்தின் 'ஷ்டைகன்' அதன் உறவு. குதிரையேற உதவும் அங்கவடியின் ஆங்கிலப் பெயரான 'ஸ்டிர்ரப்' அதே வேரில் பிறந்து, 'ஏறுகயிறு' என்ற பொருளில் அமைந்த கூட்டுச்சொல். நார்மானியர் வருகைக்கு முற்பட்ட நிலச் சாசனங்களின் எல்லை விவரிப்பிலேயே 'ஸ்டிகெல்' இடம்பெறுகிறது. எனவே கடவை பதினெட்டாம் நூற்றாண்டு வேலிகளோடு பிறந்தது என்று கொள்வது பிழை. எழுத்துநடையைக் குறிக்கும் 'ஸ்டைல்' இலத்தீனிலிருந்து வந்த வேறு சொல். இரண்டும் ஒலியால் ஒன்றுபட்டது தற்செயல். தமிழில் எழுத்தின் போக்குக்கும் காலின் போக்குக்கும் 'நடை' என்ற ஒரே சொல் நிற்பது தற்செயல் அன்று. ஆனால் அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

கடவையைத் தாண்டியபின் கால் பதியும் நிலம் பெரும்பாலும் தனியார் உடைமை. அதன்மேல் கடந்து செல்லும் உரிமை மட்டும் பொதுமக்களுக்குரியது. நிலத்துக்கு ஓர் உரிமையாளர், நடைக்கு ஊரே உரிமையாளர் என்ற இவ்விரட்டை நிலை ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் விளைவு. ஒரு பாதை பொதுவழியாவதற்கு மக்கள் அதை நெடுங்காலம் உரிமையுடன் பயன்படுத்தியிருக்க வேண்டும். 'உரிமையுடன்' என்பதற்கு ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த மூன்று எதிர்மறை நிபந்தனைகள் உண்டு: வன்முறையால் அன்று, மறைவாக அன்று, அனுமதி பெற்று அன்று. மூன்றாவதே வியப்புக்குரியது. உடைமையாளர் அன்போடு, "தாராளமாகச் செல்லுங்கள்" என்று சொல்லிவிட்டால் அந்த அன்பே பொது உரிமையைப் பிறவாமல் செய்துவிடும். அனுமதித்தவர் நாளை அதைத் திரும்பப் பெறலாம் அல்லவா? ஆண்டுக்கு ஒருநாள் வாயிலைப் பூட்டிவைத்து, மற்ற நாள்களில் யாவரும் நடப்பது தம் தயவினால்தான் என்று காட்டிக்கொண்ட பண்ணைகள் பல. 1932ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழியாக அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று வகுத்தது. அதற்கு முன்னர், என்றோ இறந்துபோன உடைமையாளர் ஒருவர் மனத்தளவில் அப்பாதையைப் பொதுவுக்கு விட்டாரா என்பதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய கட்டாயம் இருந்தது.

பாதைகளின் வரலாற்றில் பெரிய முறிவு நில அடைப்பு. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றி, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் கொண்டுவந்தது. அதற்குமுன் பல ஊர்களில் வேளாண் நிலம் வேலியற்ற பெரும் பரப்புகளாக, கீற்றுக் கீற்றாகப் பலருக்கும் பகிர்ந்து கிடந்தது. மேய்ச்சல் நிலம் ஊர்ப்பொதுவாக இருந்தது. அங்கே ஒற்றையடிப்பாதைக்குக் கடவை பெரிதும் தேவைப்படவில்லை. வேலி வந்தபின் ஒவ்வொரு பாதையும் இரண்டில் ஒன்றாக வேண்டியிருந்தது: மறைய வேண்டும், அல்லது வேலியில் ஒரு கடவையைப் பெற வேண்டும். நார்தாம்ப்டன்ஷரின் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூருக்கான அடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியது. பங்கீட்டு ஆவணம் 1820இல் முடிவுற்றது. அவ்வூரில் 1793இல் பிறந்த வேளாண் கூலி ஜான் கிளேர் இவ்விரு ஆண்டுகளுக்கு நடுவேதான் கவிஞராக உருவானார். தம் சிறுவயதுத் தடங்களில் வேலியும் தடைப் பலகையும் முளைத்ததை அவர் அளவுக்கு எழுதிவைத்த ஆங்கிலக் கவிஞர் வேறொருவர் இலர். இலக்கிய வரலாற்றில் அவரை 'இயற்கைக் கவிஞர்' என்று மட்டும் வகைப்படுத்துவது, நிலம் யாருடையது என்று அவர் கேட்ட கேள்வியை ஓரங்கட்டும் வேலை.

ஊர்தோறும் தனித்தனிச் சட்டம் எழுதுவதன் சுமையைக் குறைக்க 1801இல் ஒரு பொது அடைப்புச் சட்டம் வந்தது. அதன் எட்டாம் பிரிவு, வண்டிகள் செல்லும் பொதுச் சாலைகளை ஆணையர்கள் முப்பதடிக்குக் குறையாத அகலத்தில் வகுக்க வேண்டும் என்றது. பத்தாம் பிரிவு ஒரு நீண்ட பட்டியல். 'தனியார்' என்ற அடைமொழியைத் தாங்கிய 'சாலைகள்' என்ற சொல்லுடன் அது தொடங்கும். பின்னர் குதிரைப்பாதைகள், நடைபாதைகள், வாய்க்கால்கள், வடிகால்கள், பாலங்கள், வாயில்கள், வேலிக்கடவைகள், எல்லைக்குறிகள் என்று நீளும். சிக்கல் இங்கேதான். 'தனியார்' என்ற அடைமொழி 'சாலைகள்' என்ற முதற்சொல்லோடு நின்றுவிடுகிறதா, அல்லது காற்புள்ளிகளைத் தாண்டி நடைபாதைகள் வரையும் செல்கிறதா? முதலாவதாயின் ஆணையர்கள் வகுத்த பொது நடைபாதைகள் செல்லும். இரண்டாவதாயின், பொது நடைபாதை வகுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அவர்களுக்குத் தரவே இல்லை.

மொழியியல் மாணவர் எவரும் முதலாண்டிலேயே சந்திக்கும் பொருள்மயக்கம் இது. 'பழைய வீடுகளும் தோட்டங்களும்' என்னும்போது தோட்டங்களும் பழையனவா என்பதைத் தமிழ்த் தொடரும் சொல்வதில்லை. ஆங்கிலத் தொடரமைப்பும் சொல்வதில்லை. ஆனால் வகுப்பறையில் கரும்பலகையோடு முடியும் கேள்வி, இங்கே வயல்களுக்கு இறங்கியது. 1993இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம், அவ்வடைமொழி நடைபாதைகளையும் தழுவும் என்று தீர்ப்பளித்தது. விளைவாக, 1801ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் நம்பி ஆணையர்கள் வகுத்திருந்த பொதுப் பாதைகளின் அடித்தளமே ஆட்டம் கண்டது. தங்கள் வேலையை ஆணையர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற பங்கீட்டு ஆவணங்களே சான்று. ஊர் ஊராகப் பொது நடைபாதைகளை எழுதிவைத்தவர்கள் அவர்கள். ஒரு தலைமுறை அதிகாரிகள் அனைவரும் தாம் செயல்படுத்திய சட்டத்தின் இலக்கணத்தைத் தவறாகப் படித்தார்கள் என்று கொள்வது எளிதன்று. இருபத்திரண்டு ஆண்டுகள் அத்தீர்ப்பே நடப்பில் இருந்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பொது நடைபாதைகளையும் குதிரைப்பாதைகளையும் வகுக்கும் அதிகாரம் ஆணையர்களுக்கு இருந்தது என்று முடிவு செய்தது.

அடைப்பில் தப்பிய பாதைகளுக்கு வேறு வாயிலாகக் கேடு வந்தது. 1815இல் வந்த சட்டம், இரண்டு அமைதி நீதிபதிகள் ஒப்புக்கொண்டால் 'தேவையற்ற' பாதையை மூடிவிடலாம் என்றது. அமைதி நீதிபதிகளோ பெரும்பாலும் நில உடைமையாளர்கள். ஒருவர் பண்ணைக்கு மற்றவர் கையெழுத்து என்ற ஏற்பாட்டுக்கு அது வழிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில், நைட்லி தம் நிலத்தின் ஊடே செல்லும் பாதையைச் சற்று விலக்கி அமைப்பது குறித்துத் தம் தம்பியிடம் பேசுவார். ஊராருக்கு அதனால் இடர் வரக்கூடாது என்பது அவர் கவலை. நல்ல உடைமையாளருக்கு ஆஸ்டின் வைத்த அளவுகோல்களுள் அதுவும் ஒன்று என்று படிக்க இடமுண்டு. நாவலுக்கு வெளியே நைட்லிகள் குறைவு. மான்செஸ்டருக்கு அருகே ஃபிளிக்ஸ்டனில் உடைமையாளர் ஒருவர் பாதையை அடைத்ததை எதிர்த்த போராட்டத்திலிருந்து, 1826இல் பழம்பாதைகளைக் காக்கும் சங்கம் மான்செஸ்டரில் உருவானது. யார்க் நகரில் அத்தகைய சங்கம் 1824இலேயே தோன்றியிருந்தது. நெசவாலை நகரங்களின் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சுக்காற்று அப்பாதைகளின் வழியாகவே வந்தது. 1896 செப்டம்பரில் போல்டன் நகர மக்கள், ஏறத்தாழ பத்தாயிரம் பேர், வின்டர் ஹில் குன்றுக்குச் செல்லும் பாதையில் உடைமையாளர் போட்ட வாயிலைத் தகர்த்து மேலேறினர். மறு ஆண்டு நீதிமன்றம் உடைமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. அப்பாதை முறைப்படி பொதுவழியானது 1996இல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் பொதுவழிகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. படத்தில் ஏறிய பாதை உண்டு என்பதற்கு அப்படமே முடிந்த சான்று. ஏறாத பாதை இல்லை என்பதற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாடு பலருக்கும் மறந்துபோகிறது. கணக்கெடுப்பின் முதற்கட்டம் ஊர்மன்றங்களின் கையில் இருந்தது. ஊக்கமுள்ள மன்றம் வயல் வயலாக நடந்து எழுதியது, மற்றொன்று பெயருக்கு எழுதி முடித்தது. விடுபட்டவற்றைப் பதிய 2026 ஜனவரி 1 கடைசி நாள் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. பழைய வரைபடங்களை இன்றைய படத்தோடு ஒப்பிட்ட 'ராம்ப்ளர்ஸ்' அமைப்பின் தன்னார்வலர்கள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 49,000 மைல் பாதைகள் விடுபட்டிருக்கலாம் என்று கணித்தனர். இங்கிலாந்தைப் பொறுத்தவரை கெடு பின்னர் 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அதை முற்றாக நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

சான்று தேடுவோருக்கு அடைப்புக்கால ஆவணங்களுக்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பது வரிக்கணக்கு. 1910இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த நில மதிப்பு வரிக்காக நாடு முழுவதும் மதிப்பிடப்பட்டபோது, தம் நிலத்தில் பொதுவழி இருந்தால் அதன் பொருட்டு மதிப்பைக் குறைத்துக் காட்ட உடைமையாளருக்கு இடமிருந்தது. பொய்யாகக் குறைத்தால் தண்டனை. எனவே பலர் உள்ள பாதையை உள்ளபடி எழுதிக் கொடுத்தனர். அவ்வரி பத்தாண்டுகளில் கைவிடப்பட்டது. பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தில் நிலைத்தன. இன்று ஒரு பண்ணையார், "இங்கே எந்நாளும் பாதை இருந்ததில்லை" என்று விசாரணை அதிகாரி முன் கூறும்போது, எதிர்த்தரப்பினர் எடுத்து வைப்பது சில வேளைகளில் அவருக்கு முன் அந்நிலத்தை ஆண்டவரே வரியை மிச்சப்படுத்த எழுதித் தந்த அந்த ஒற்றை வரியைத்தான்.