கட்டியவர்களும் காத்தவர்களும்: நமது மின்சாரத்தின் எழுதப்படாத பக்கம்



சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சாதாரண தரத்தில் விஞ்ஞானமோ உயர்தரத்தில் பௌதிகவியலோ படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். கரண்ட் வருவதற்குள் குரங்குப் பகிடிகள் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டன. சிரித்து முடித்தோம், மறந்தும் விட்டோம்.

அதற்கு 9 வருடங்களுக்கு முன்னர், 2016 மார்ச் 13. அதுவும் ஞாயிறுதான். பியகம உப மின் நிலையத்தில் ஒரு ட்ரான்ஸ்போமர் வெடித்து, நாடு பல மணி நேரம் இருளில் கிடந்தது. நாசவேலையாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்து, மின் நிலையங்களுக்கு இராணுவக் காவல் போடப்பட்டது.

இரண்டு தடவையும் நாம் கேட்ட கேள்வி ஒன்றே: யார் செய்தது? குரங்கா, மனிதனா? நாம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த இரும்புப் பெட்டிகளுக்குள் நாளாந்தம் என்ன நடக்கிறது, அதை யார் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்குப் பின்னால் இருநூற்றைம்பது வருட வரலாறு உண்டு. அதில் ஒரு பக்கம் நமது கண்டி மண்ணில் எழுதப்பட்டது.

1. பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பாடப்புத்தகம் நிலைமாற்றி என்று சொல்லும். சனங்கள் ட்ரான்ஸ்போமர் என்பார்கள். இரும்பு அகணி, முதற் சுருள், துணைச் சுருள் என்று படம் வரைந்தால் பரீட்சைக்குப் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் ஒரு பெரிய ட்ரான்ஸ்போமரின் ஆயுளைத் தீர்மானிப்பது இரும்போ செம்போ இல்லை. செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதமும் அது மூழ்கியிருக்கும் எண்ணெயும்தான்.

ஆம், காகிதம். மரக்கூழில் செய்த காகிதம். எண்ணெயை வடிகட்டலாம், தேவைப்பட்டால் மாற்றலாம். சுருளைச் சுற்றிய காகிதத்தை மாற்றுவதென்றால் ட்ரான்ஸ்போமரையே பிரித்துக் கட்ட வேண்டும். புதிய காகிதத்தின் செலுலோசுச் சங்கிலி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,000 குளுக்கோசு அலகுகள் கோர்க்கப்பட்டிருக்கும். சூட்டாலும் ஈரத்தாலும் அறுந்து அறுந்து அது 200 அளவுக்கு வந்ததும் காகிதம் நொறுங்கத் தொடங்கும். அத்தோடு அந்த இயந்திரத்தின் ஆயுள் முடிந்தது என்று பொறியியலாளர்கள் கணக்கெடுப்பார்கள்.

இந்தக் காவலிக்குள் ஒரு சிறு வாயுக் குமிழி மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். காற்று ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ற்று வரைதான் தாங்கும். சுற்றியிருக்கும் எண்ணெயும் காகிதமும் அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் மின்புலம் கூடுதலாகச் சேர்வது அந்தப் பலவீனமான குமிழிக்குள்ளேதான். அங்கே ஒரு நுண்பொறி தெறிக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பாயாமல், குமிழிக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். இதற்குத்தான் பகுதி மின்னிறக்கம் என்று பெயர். ஐப்பசி மழையில் ஹந்தானைக்கு மேலே வெட்டும் மின்னலுக்கு இது கடைக்குட்டித் தம்பி.

எவ்வளவு சிறியது? இதை அளக்கும் அலகு பிக்கோகூலோம். ஒரு கூலோமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அப்படியானால் ஏன் பயப்பட வேண்டும்? நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு செக்கனுக்கு 100 அரைச் சுற்றுகள், ஒரு நாளைக்கு 86 இலட்சத்து 40 ஆயிரம். ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒரு பொறி தெறித்தால்கூட அந்த இடம் ஒரு வருடத்தில் என்னவாகும் என்று யோசியுங்கள். கறையான் தூணை அரிப்பது போலத்தான். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே வெறுமையாகிக்கொண்டிருக்கும்.

2. கேட்கக் கற்றுக்கொண்டவர்கள்

1777ஆம் ஆண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லிக்டன்பேர்க் என்ற பேராசிரியர், பிசினால் செய்த ஒரு தட்டில் மின்னை இறக்கிப் பார்த்தார். அதன் மேல் விழுந்த தூசி கிளை கிளையாக, மரம் போல, நட்சத்திரம் போல ஒட்டிக்கொண்டது. மின்னிறக்கம் தான் போன பாதையைத் தானே வரைந்து காட்டியது. இன்றும் பழுதான காவலியை வெட்டிப் பார்த்தால் உள்ளே அரித்த பாதை மரக்கிளை வடிவில் தெரியும். அதைப் பொறியியலாளர்கள் மின்மரம் என்றே அழைக்கிறார்கள். மின்னேற்றம் உள்ள இடத்தில் தூள் ஒட்டும் என்ற அதே தத்துவத்தில்தான் நாங்கள் வினாத்தாள் அடிக்கும் போட்டோகொப்பி இயந்திரமும் வேலை செய்கிறது.

1921இல் ஜெர்மனியைச் சேர்ந்த மக்ஸ் புக்ஹோல்ஸ் ஓர் எளிய கருவியைக் கண்டுபிடித்தார். ட்ரான்ஸ்போமரின் உள்ளே சிறு பழுது ஏற்பட்டாலும் எண்ணெய் சிதைந்து வாயுவாகும். வாயு மேலே ஏறும். மேலே போகும் குழாயில் அந்த வாயுவைப் பிடித்து, சேர்ந்ததும் மணி அடிக்கும்படி செய்தார் அவர். இன்றைக்கும் பெரிய ட்ரான்ஸ்போமர்களின் தலையில் அந்தக் கருவி இருக்கிறது.

அடுத்த படி அளப்பது. நெதர்லாந்தின் கிரூகர் 1964இல் மின்னிறக்கத்தைக் கண்டறியும் முறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1968இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு அளவீட்டுக்கான நியமத்தை வெளியிட்டது. 1974இல் கனடாவின் மிஷெல் டுவால், எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை ஒரு முக்கோணத்தில் குறித்து நோயின் பெயரைச் சொல்லும் முறையைக் கொடுத்தார்.

இது ட்ரான்ஸ்போமருக்கான இரத்தப் பரிசோதனை என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். ஒரு சிறு குழாயளவு எண்ணெய் எடுத்தால் போதும். ஐதரசன் கூடியிருந்தால் உள்ளே சிறு மின்னிறக்கம் நடக்கிறது. எதிலீன் கூடினால் எண்ணெய் எங்கோ கடுமையாகச் சூடாகிறது. காபனோரொட்சைட்டு ஏறினால் காகிதம் கருகுகிறது. வெல்டிங் கடைகளில் பாவிக்கும் அசற்றலீன் வாயு வந்துவிட்டதா? உள்ளே பெரிய பொறி பறக்கிறது, உடனே பாருங்கள் என்று அர்த்தம். ஆனால் ஒரு நாள் எடுத்த அளவு மட்டும் போதாது. போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் நோய் தெரியும். எனவே இந்தத் தொழிலின் உயிர், ஒருவர் எழுதி வைத்து அடுத்தவர் தொடரும் பதிவேட்டில் இருக்கிறது.

3. நமது மலைகள், நமது காலநிலை

இலங்கையின் நீர்மின்சாரத்துக்கு ஒரு தந்தை உண்டு: டி. ஜே. விமலசுரேந்திர. நமது ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் கணக்கோடு வைத்தவர். லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அடுத்த மூன்று வருடங்களில் அவர் காலமானார். 1969இல் இலங்கை மின்சார சபை வந்தது. பிறகு மகாவலித் திட்டம்: அம்பிட்டியவுக்குக் கிழக்கே விக்டோரியா, தெற்கே கொத்மலை. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், அதன் மின் நிலையம் 210 மெகாவோற்று. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சர் வந்திருந்தபோது நடந்த திறப்பு விழாவை நமது பெற்றோர் இன்னும் கதைப்பார்கள். அங்கிருந்து 220 கிலோவோல்ற்றுக் கம்பிகள் கொத்மலை வழியாகப் பியகமவுக்கு ஓடுகின்றன. மலையையும் கொழும்பையும் இணைக்கும் முதுகெலும்பு அது.

நமது வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. யார் கனவு கண்டார், யார் கட்டினார், யார் திறந்து வைத்தார். கட்டியதைக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தக் கருவிகள் குளிர்நாடுகளில் வடிவமைக்கப்பட்டவை. நமது நாட்டில் வருடம் முழுக்க ஈரப்பதன். கரையோரத்தில் உப்புக் காற்று. உப்புப் படிந்த பீங்கான் காவலி இரவுப் பனியில் நனைந்தால், அதன் மேற்பரப்பில் மின்னொழுக்கு ஓடி, சீறும் சத்தத்தோடு சிறு பொறிகள் தெரியும். மழை கூடிய பக்கங்களில் இன்னொரு பிரச்சினை. கண்டியில் வீட்டுச் சுவரில் பிடிக்கும் பச்சைப் பாசியைப் போலவே காவலிகளிலும் பாசியும் பூஞ்சணமும் வளரும். குளிர்நாட்டில் எழுதிய கைநூலை மட்டும் பார்த்து இதற்கு வைத்தியம் செய்ய முடியாது.

4. அக்பர் பாலத்துக்கு அப்பால்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் மகாவலியின் மறுகரையில் இருக்கிறது. அதற்குப் போகும் பாலத்தின் பெயர் அக்பர் பாலம். நாட்டின் பல்கலைக்கழகம் கண்டிப் பக்கத்தில் அமைய வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர் மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்த நீதியரசர் எம். ரி. அக்பர். அங்குள்ள அக்பர் விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தப் பீடத்தின் பேராசிரியர் மஞ்சுள பெர்னாண்டோ, வெப்பவலய நாடுகளில் பீங்கான் அல்லாத காவலிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஆராய்ந்து, 1999இல் சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிலிக்கன் இறப்பர் காவலியில் தண்ணீர் சேம்பிலையில் போல உருண்டு ஓடிவிடும். ஆனால் நமது உப்பிலும் வெயிலிலும் பாசியிலும் அந்தக் குணம் எவ்வளவு காலம் நிற்கும்? பதிலை நமது வெயிலிலும் மழையிலும் காவலிகளைத் தொங்கவிட்டு, மின்னொழுக்கை அளந்துதான் தேட வேண்டியிருந்தது.

அடுத்தது தேங்காய் எண்ணெய்க் கதை. ட்ரான்ஸ்போமருக்கு ஊற்றும் கனிய எண்ணெய் பெற்றோலியத்திலிருந்து வருவது. டொலர் கொடுத்து வாங்க வேண்டும். சிந்தினால் மண்ணில் எளிதில் மக்காது. நம்மிடம் தென்னை இருக்கிறதே! 2001இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரொஹான் லூகஸோடு சேர்ந்த குழு ஒன்று தேங்காய் எண்ணெயை இதற்குப் பாவிக்கலாமா என்று ஆய்வு வெளியிட்டது. பேராதனைக் குழு அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2013இல் சர்வதேச ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டது.

நன்மை நிறைய உண்டு. தீப்பற்றும் வெப்பநிலை கனிய எண்ணெயைவிட உயர்வு. ஈரத்தை உலர்த்திச் சுத்தப்படுத்தினால் உயர் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும். மண்ணில் மக்கிவிடும். ஆனால் கண்டிக்காரருக்கு அதன் குறையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மார்கழிக் காலையில் போத்தலில் உறைந்த எண்ணெயை வெயிலில் வைத்து உருக்காத வீடு நமது பகுதியில் உண்டா? ஏறத்தாழ 24 பாகையில் அது கட்டியாகத் தொடங்கும். நுவரெலியாவில் கேட்கவே வேண்டாம். உறையும்போது சுருங்கும், சுருங்கினால் உள்ளே வெற்றிடம் வரும், வெற்றிடம் வந்தால் நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்: குமிழி, பொறி, அரிப்பு. ஈரம் சேர்ந்தால் அமிலமும் கூடும். இன்றும் நமது ட்ரான்ஸ்போமர்களில் பொதுவாக ஓடுவது கனிய எண்ணெய்தான்.

அப்படியானால் இந்த ஆய்வெல்லாம் வீணா? இல்லை. ஒரு புதிய எண்ணெயைச் சோதிப்பவன் ஈரத்தை அளக்க, அமிலத்தை அளக்க, பகுதி மின்னிறக்கத்தைக் கேட்கக் கற்றுக்கொள்கிறான். அதே கைகள் நாளை 30 வருடம் பழைய ட்ரான்ஸ்போமருக்கும் வைத்தியம் பார்க்கும். இந்தத் திறமையைக் கப்பலில் இறக்குமதி செய்ய முடியாது.

5. இது ஏன் நமது விடயம்?

பக்கத்து நாட்டின் மின்வலையமைப்போடு நமக்குத் தொடர்பு இல்லை. நமது தீவு தனியே நிற்கிறது. ஒரு மூலையில் விழுந்தால் முழு நாடும் விழலாம் என்பதைப் பியகமவும் பாணந்துறையும் காட்டின. பெரிய ட்ரான்ஸ்போமர் கடையில் போய் வாங்கும் சாமானும் இல்லை. ஓடர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த நமக்கு, இருக்கும் ஒரு பொருளின் ஆயுளைப் பத்து வருடம் கூட்டுவதன் பெறுமதி தெரிய வேண்டும்.

மார்க்கத்தில் அமானிதம் என்று படிக்கிறோம். ஒப்படைக்கப்பட்டதை உள்ளபடி பாதுகாத்துத் திருப்பிக் கொடுப்பது. வீட்டுச் சாவிக்கும் பக்கத்து வீட்டார் தந்த நகைக்கும் மட்டுமல்ல, நமது பெற்றோரின் தலைமுறை கடன்பட்டுக் கட்டி நமது கையில் தந்த மின்வலையமைப்புக்கும் அது பொருந்தும். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் வரும். வருடா வருடம் எண்ணெய் மாதிரி எடுத்து, ஐதரசன் எவ்வளவு என்று எழுதி வைத்தவரின் பெயர் எங்கும் வராது. அவர் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத நாளை வரலாற்றில் யாரும் எழுதுவதில்லை.

ஆசிரியர்களாகிய நாங்கள் அதைக் கொஞ்சம் மாற்றலாம். தரம் 11இல் நிலைமாற்றி படிப்பிக்கும்போது, சுருள்களின் விகிதக் கணக்கு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குவோம். காகிதத்தையும் குமிழியையும் பற்றிச் சொல்வோம். லிக்டன்பேர்க்கின் தூசி மரத்தை கரும்பலகையில் வரைந்து காட்டுவோம். தேங்காய் எண்ணெய் ஏன் தோற்றது என்று பிள்ளைகளிடமே கேட்போம், போத்தலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தாங்களே பதில் சொல்வார்கள். பொறியியல் பீடம் கண்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்பதையும், அங்கே போகும் பாலத்துக்கு ஏன் அக்பர் என்ற பெயர் என்பதையும் சொல்லிவிடுவோம்.

மின்சார சபையிலோ உப மின் நிலையங்களிலோ வேலை செய்யும், செய்து ஓய்வு பெற்ற உறவுகள் இந்தப் பதிவைக் கண்டால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எங்கள் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.

வஸ்ஸலாம்.