குருசடி: ஒரு சொல்லும் அது நிற்கும் கல்லும்

கிறிஸ்து அறையுண்ட மரத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. சிலுவை எல்லாருக்கும் தெரிந்த பெயர்; விவிலியத்தில், அகராதியில், மேடைப்பேச்சில் இருப்பது. குருசு கரையோரத்துப் பெயர். வேம்பார், கீழவைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் முத்துக்குளித்துறையிலும், அதற்குத் தெற்கே குமரி மாவட்டத்து ஊர்களிலும் வாய்வழக்கில் வாழ்ந்து வருவது. இரண்டுமே கடல் கடந்து வந்த சொற்கள். ஆனால் வந்த திசையும் காலமும் வேறு வேறு. ஒன்று ஏட்டுக்குள் போய் அமர்ந்தது. மற்றது வெயிலில் கல்லாக நின்றுவிட்டது.

முதலில் சிலுவை. இதன் தாய் சுரியானி மொழியின் ‘ஸ்லீபா’. தோமா வழிக் கிறிஸ்தவர்கள் கேரளக் கரையில் வழிபாட்டுக்கு வைத்திருந்த மொழி அது. அங்கே ‘ஸ்லீவா’ என்று இன்றும் சொல்வார்கள். அரபியின் ‘சலீப்’ இதன் உடன்பிறப்பு. தமிழ் நாக்குக்குச் சொல்முதலில் இரட்டை மெய் ஆகாது. ஆகவே ‘ஸ்லீ’ என்பது ‘சிலு’ ஆயிற்று. ஆகார ஈறு ஐகாரமாயிற்று. போர்த்துக்கீசிய ‘மேசா’ மேசையாகி நம் வீட்டுக்குள் வந்ததும் இதே வழியில்தான். சிலுவை என்று எழுதிப் பார்த்தால் அயற்சொல்லின் சுவடே தெரிவதில்லை.

குருசு மேற்கே வெகுதூரத்திலிருந்து வந்தது. இலத்தீனில் ‘க்ருக்ஸ்’, அதிலிருந்து போர்த்துக்கீசியத்தில் ‘க்ரூஸ்’. இங்கேயும் தமிழ் தன் வேலையைச் செய்தது: முன்னே ஓர் உகரத்தை நுழைத்து மெய்களைப் பிரித்தது, பின்னே ஓர் உகரத்தைச் சேர்த்து ஓசையை முடித்து வைத்தது. க்ரூஸ் குருசு ஆனது. சாவி, சன்னல், அலமாரி, பாதிரி, ஏலம் எல்லாம் நம்மிடம் சேர்ந்த அதே கப்பல்களில் வந்து இறங்கிய சொல் இது.

கப்பல் வந்த கதை தெரிந்ததுதான். 1530களின் நடுவில் கரையோரப் பரதவர்கள் தம் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணை கேட்டார்கள். துணையோடு திருமுழுக்கும் வந்தது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மந்திரங்களைத் தமிழாக்கினார். அந்த வேலை நெற்றியிலும் மார்பிலும் அடையாளம் வரையும் செபத்தில்தான் தொடங்கியது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்யவைத்தார். ஆக, எழுத்துக்கு முன்பே இந்தக் கரையில் குருசு நெஞ்சின் மேல் வரையும் கோடாக வந்துவிட்டது.

1554இல் லிஸ்பனில் ஒரு சிறு மறைநூல் அச்சானது. தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில் போட்ட நூல். தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறியது அதில்தான். அதை ஆக்கிய மூவரில் ஒருவர் பெயர் தோமா தா குரூஸ். தமிழின் முதல் அச்சுநூலில் உழைத்தவரின் பெயரிலேயே இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. கரையில் இன்றும் குரூஸ் என்பது குடும்பப் பெயர். தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. ‘கொற்கை’ நாவலுக்காக 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற உவரிக்காரர் ஜோ டி குருஸ். ‘டி குருஸ்’ என்றால் ‘குருசைச் சேர்ந்தவர்’.

இப்போது ‘அடி’. குருசோடு இந்தத் தமிழ்ச்சொல் சேர்ந்த பிறகுதான் குருசு இந்த மண்ணுடையதாயிற்று. ஆலடி, புளியடி, வேம்படி, கோயிலடி: மரமோ தெய்வமோ நிற்கும் இடத்தில் நிழலும் பேச்சும் கூடும்போது அந்த இடத்துக்கு நம்மவர் தரும் பெயர் அடி. அதே கணக்கில் குருசு நிற்கும் இடம் குருசடி. வந்த சொல்லை ஆலமரத்துக்குச் சமமாக நிறுத்திவிட்டார்கள். மலையாளத்திலும் குரிசடி உண்டு. நாகர்கோவிலில் குருசடி என்றே ஒரு பகுதியும் அங்கே பேர்பெற்ற அந்தோனியார் கோயிலும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகில், கடல் உயிரியலாளர்கள் போற்றும் தீவைக் குருசடைத் தீவு என்று எழுதுகிறார்கள். குருசடித் தீவு என்றும் வழங்குகிறது. குருசு நின்ற தீவு என்று கொள்வதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

சொல் இருக்கட்டும், இனி அது குறிக்கும் பொருளைப் பார்ப்போம். கீழவைப்பார் வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய ஊர். பரதவர்களின் பழைய ஏழு கடற்துறைகளில் இவ்வூரும் ஒன்று. பக்கத்திலேயே சிப்பிகுளம், தெற்கே பட்டினமருதூர், தருவைகுளம், பிறகு தூத்துக்குடி. வடக்கே வேம்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போனால் உப்பளமும் உடைமரமும் பனையும்தான் கண்ணில் படும். இறங்கிக் கரையோரமாக நடந்தால் குருசடிகளைக் காணலாம். ஊர் தொடங்கும் முகப்பில் ஒன்று, தெரு முடிந்து மணல் தொடங்குமிடத்தில் ஒன்று, கல்லறைத் தோட்டத்து நடுவில் ஒன்று என்று கத்தோலிக்கக் கரையூர்களில் அவை நிற்பதற்கு ஒரு முறை உண்டு. படிப்படியாகக் குறுகும் மேடை, அதன் மேல் கல்லாலோ சுதையாலோ ஆன குருசு, அடியில் விளக்கு வைக்க ஒரு மாடம். மாடத்தில் எண்ணெய்க் கறை, படியில் மெழுகு உருகி இறங்கிய தடம். சில இடங்களில் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று அடையாளம் வரைந்துவிட்டுப் போவார். திருவிழாச் சப்பரமும் அங்கே நின்றுதான் நகரும்.

இதை வழிபாட்டுப் பொருளாக மட்டும் பார்ப்பது போதாது. கடலோடிகளுக்குக் கரையில் உயர்ந்து நிற்பது எதுவானாலும் திசைக்குறி. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரை நெடுகத் தாம் எட்டிய முனைகளில் உச்சியில் குருசு வைத்த கல்தூண்களை நட்டுக்கொண்டே வந்தவர்கள். அந்தத் தூணில் பக்தியும் இருந்தது, ‘இது எம் எல்லை’ என்ற அதிகாரமும் இருந்தது. முத்துக்குளித்துறையிலோ அதிகாரம் கழன்று விழுந்தது, கல் மட்டும் நின்றது. எப்படி என்றால், 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள், கோயில்களைத் தம் வசமாக்கினார்கள். பரதவர்களைத் தம் பக்கம் இழுக்க அவர்கள் செய்த முயற்சி பலிக்கவில்லை. பூட்டிய கோயிலுக்கும் இல்லாத குருவுக்கும் பதிலாக, வெட்டவெளியில் நின்ற குருசடியே அந்நாளில் செபக்கூடமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். கூரையில்லாத இடத்துக்குப் பூட்டுப் போட முடியாது. கொண்டுவந்தவர்களின் ஆட்சி போன பிறகும் அந்தக் கல்லை விடாமல் வைத்திருந்தார்களே, அப்போது அது முழுக்கப் பரதவர்களுடையதாகிவிட்டது.

மணப்பாடு இந்த வரலாற்றின் உச்சி. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். புயலில் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர் ஒடிந்த பாய்மரத்தில் குருசு செய்து 1540இல் அங்கே நட்டார் என்பது ஊர் மரபு. சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் சரிவில், அலை தொடும் தூரத்தில் இருக்கிறது. 1581இல் கோயில் எழுந்தது. செப்டம்பர் 14 அன்று நிறைவுறும் திருச்சிலுவை மகிமைத் திருவிழாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் நடந்தே வருவார்கள். கோயிலின் பெயரில் எழுத்துத் தமிழ் சிலுவையைக் கொடுத்திருக்கிறது. கதையில் நட்டது குருசு.

இந்தச் சொல்லுக்குச் சுற்றம் பெரிது. வளைகுடாவின் அக்கரையில் சிங்களவர் குருசய என்கிறார்கள். கோவாவில் கொங்கணியர் வழியோரக் கற்குருசைக் குரீஸ் என்கிறார்கள். மும்பையின் பழைய கிறிஸ்தவக் குடியிருப்புகளிலும் அப்படியே. அந்நகரத்துச் சாந்தாக்ரூஸ் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறிய தமிழர் எத்தனையோ பேர்; அந்தப் பெயரும் ‘திருக்குருசு’தான். போர்த்துக்கீசியர் கால் வைத்த கரையெல்லாம் இச்சொல் ஒவ்வொரு மொழியின் வாய்க்கு ஏற்ப மாறி நிற்கிறது.

இன்னும் மேற்கே போனால் அயர்லாந்து. இலத்தீன் க்ருக்ஸ் அந்நாட்டு மொழியில் ‘க்ரோஸ்’ ஆனது. அங்கிருந்து வடநாட்டுக் கடலோடிகள் வாய்க்குப் போய், கடைசியில் ஆங்கிலத்தில் ‘கிராஸ்’ ஆயிற்று. மானஸ்டர்பாய்ஸ் போன்ற பழைய மடங்களின் இடிபாடுகளில் ஆயிரம் ஆண்டு கடந்த உயரக் கற்குருசுகள் நிற்கின்றன. விவிலியக் கதைகளை முகத்தில் செதுக்கிய கற்கள். மானஸ்டர்பாய்ஸின் முய்ரெடக் குருசு மூன்று ஆள் உயரம். அவற்றைப் பார்ப்பதற்கென்றே பயணிகள் வருகிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பெயர், அளவு, பதிவு, பாதுகாப்பு எல்லாம் உண்டு. நம் குருசடி அவ்வளவு பழையதும் அன்று, அவ்வளவு வேலைப்பாடும் அதில் இல்லை. ஆனால் ஒரே வேர்ச்சொல். ஒரே பழக்கம், அதாவது வழிநடையை ஒரு கல்லின் முன் நிறுத்துவது.

இரண்டு தமிழ்ச் சொற்களும் நாளடைவில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. சிலுவை பொருளைக் கடந்து போனது: சிலுவை சுமத்தல், சிலுவைப்பாதை, சிலுவையில் அறைதல். கிறிஸ்தவர் அல்லாத எழுத்தாளரும் துன்பத்தைக் குறிக்க அதை எடுத்தாள்கிறார். குருசுக்கு அந்த உவமைப் பயணம் வாய்க்கவில்லை. அது பொருளாகவே, இடமாகவே, மனிதர் பெயராகவே தங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கோயில் மொழி திருந்தியபோது இஸ்பிரீத்து சாந்து தூய ஆவி ஆனார், அர்ச்சியசிஷ்டர்கள் புனிதர்கள் ஆனார்கள், சேசு இயேசு ஆனார். தமிழுக்கு அது நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. குருசும் செபநூல்களில் தங்கவில்லை. ‘குருசடி’ மட்டும் பிழைத்தது. அது ஓர் இடத்தின் பெயர். மொழிபெயர்த்தால் வழி சொல்ல முடியாது.

ஆனால் பெயர் பிழைத்த அளவுக்குக் கல் பிழைக்கவில்லை. நேர்ச்சை நிறைவேறிய குடும்பமோ வெளிநாட்டில் சம்பாதித்த இளைஞரோ பழைய குருசடியை எடுத்துக் கட்டித் தர முன்வருவார்கள். அன்பால் செய்வதுதான். சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்த பழைய மேடை போய், பளபளக்கும் ஓடு பதித்த மண்டபம் வந்துவிடும். அடிக்கல்லில் வெட்டியிருந்த ஆண்டும், கட்டிவைத்தவர் பெயரும், அந்தப் பழைய எழுத்தின் வடிவமும் அதே இடிப்பில் போய்விடுகின்றன. தொல்லியல் துறையின் கண் கொற்கை, ஆதிச்சநல்லூர், சிவகளை என்று மூவாயிரம் ஆண்டுக்குப் பின்னால் போகிறது, போக வேண்டியதுதான். நானூறு, முந்நூறு ஆண்டு வயதுள்ள கல்லுக்கும் கேட்க ஒருவர் வேண்டும்.

கரையூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குருசடியைப் புதுப்பிக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மேடையிலோ தண்டிலோ எழுத்து இருந்தால் சுண்ணாம்பைச் சுரண்டாமல், தண்ணீர் தெளித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். யார் நட்டது, எதற்காக என்று ஊரில் வயது மூத்தவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் செய்தாலே முத்துக்குளித்துறையின் குருசடிகளுக்கு முழுப் பட்டியல் கிடைத்துவிடும்.