துண்டும் செக்ரோலும்: பெருந்தோட்ட ஆளணி வரலாற்றில் ஓர் ஏடு

ஆளணி முகாமைத்துவம் என்பது மேனாட்டுத் தொழிற்சாலைகளிலே தோன்றி இருபதாம் நூற்றாண்டில் எம்மை வந்தடைந்த துறை என்றே பாடநூல்கள் பலவற்றிற் கூறப்படுகின்றது. ஆளைத் திரட்டுதல், வேலை பகிர்தல், சம்பளங் கொடுத்தல், விலகுபவனை விடுவித்தல், இவையனைத்தையும் சட்டத்துக்கு இயையப் பதிந்துவைத்தல் என்பனவே அத்துறையின் பணிகளாயின், அவை இலங்கையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பேரளவில் நடைபெற்றன. நடைபெற்ற இடம் மலைநாட்டுத் தோட்டங்கள், நடத்தியவன் கங்காணி.

கோப்பித் தோட்டங்கள் விரைந்து பெருகிய காலத்தில் ஒரு துரை தன் கண்ணுக்கெட்டிய அளவுக்கு மேலான நிலத்தையும் தன் மொழி அறியாத மக்களையும் ஆளவேண்டியவனானான். ஆகவே ஆளணிப் பொறுப்பு முழுவதையும் அவன் இடையாள் ஒருவனிடம் ஒப்படைத்தான். திருச்சி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களுக்குச் சென்று, பெரும்பாலும் தன் உறவினரையும் ஊரவரையும் திரட்டி, வழிச்செலவுக்கு முற்பணங் கொடுத்து அழைத்துவந்தவன் பெரிய கங்காணி. அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார் இருந்தனர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. சம்பளமும் பலகாலம் அவன் கைவழியாகவே சென்றது. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட பின்னரும் இவ்வமைப்பு மாறவில்லை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் ஆள் தேவைப்பட்டமையால் கங்காணியின் பிடி இறுகியதென்றே கூறலாம்.

இவ்விடத்திற் சட்டம் என்ன செய்தது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கலாம். குடியியல் வழக்கொன்றிலே தீரவேண்டிய ஒப்பந்த மீறல் நீதவானின் குற்றவியல் அதிகாரத்துள் வந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சம்பளத்தை மாதந்தோறுங் கணக்கிட்டு வழங்குவதை ஒழுங்குபடுத்த முனைந்தது. எனினும், தொழிலாளி தவறினாற் சிறை, முதலாளி தவறினால் வழக்காடிப் பெறவேண்டிய பணம் என்ற ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் நிலைத்தது.

சட்டத்தினுந் துண்டே வலிமையுடையதாக இருந்தது. தொழிலாளர் குழுவொன்று தோட்டத்தை விட்டு நீங்க விரும்பின், துரை ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பான்: இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்தம் கடன் இவ்வளவு, இதனைச் செலுத்துவோர் இவர்களைப் பெற்றுக்கொள்ளலாம். இச்சீட்டே துண்டு. அதை ஏந்திக் கங்காணி வேறு தோட்டங்களுக்குச் சென்று விலைபேசுவான். புதிய துரை பழைய கடனைக் கொடுத்து, அதற்கு மேலும் முற்பணம் ஈவான். அத்தொகையும் தொழிலாளியின் பேரிலேயே ஏறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் விலை உயர்ந்து ஆள்தேவை பெருகியபோது கடனும் பெருகியது. இதில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. துண்டில் எழுதப்பட்டிருந்த தொகை யாருடைய கடனோ, அவரே அதை வாசிக்க இயலாதவராக இருந்தார். கங்காணிக்கும் துரைக்குமிடையே கைமாறிய அச்சீட்டிலே தொழிலாளி ஒரு தரப்பினரல்லர். சீட்டின் பொருளே அவர்தாம்.

துண்டுமுறையையும் சிறைத்தண்டனையையும் எதிர்த்தோருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இலேயே இயக்கம் நடத்தியவர் என்ற அளவிலேயே எம்மிற் பலர் அவரை அறிவோம். 1919இற் பெரி. சுந்தரம் முதலியோருடன் அவர் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அமைத்தார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டை ஒழித்தது. இதனை அறத்தின் வெற்றி என்று மட்டுங் கொள்வது பொருந்தாது. துண்டுக்கடனில் மூலதனம் முடங்குவதையும், கங்காணி தம்மைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டிவைப்பதையும் தோட்டத்துரைமாரே வெறுத்தனர். இந்திய அரசின் நெருக்குதலும் இருந்தது. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கெனக் கொழும்பில் ஒரு திணைக்களம் உருவானது. இன்றைய தொழிற்றிணைக்களத்தின் தோற்றுவாய் அதுவே.

அதன்பின் வந்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த வீதப்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இப்பொழுது எழுத்து இடம் மாறியது. துண்டு தொழிலாளியைக் கட்டிய எழுத்து. சம்பளப் பதிவேடு, ஏட்டளவிலேனும், முதலாளியைக் கட்டும் எழுத்து. தோட்ட வழக்கில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலைப் பெரட்டுக்கு வந்து, குறித்த அளவு கொழுந்து பறித்தாற் பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். பேரைச் செக்ரோலில் எழுதுபவர் கணக்கப்பிள்ளை. சட்டம் 43 சதம் என்று கூறலாம். அந்நாளைப் பேர் என்றோ அரைப்பேர் என்றோ தீர்மானிப்பது தோட்டமே. சட்டத்துக்கு இணங்கியமை வேறு, நீதி செய்தமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெருமந்தக் காலத்தில் அவ்வீதங்களே குறைக்கப்பட்டன. முன்னர்ப் புடைவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்த கோ. நடேசய்யர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார்.

செக்ரோலின் வலிமை சம்பளத்தோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், இந்நாட்டிற் பல ஆண்டுகள் இடையறாது வசித்தமையை நிறுவவேண்டியிருந்தது. லயத்து அறையில் வாழ்ந்தவரிடம் உறுதியேது, வரிச்சீட்டேது? அவரைப் பற்றிய எழுத்து தோட்ட அலுவலகத்து இறாக்கையிலேதான் பெரும்பாலும் இருந்தது. ஒரு நிறுவனம் தன் கணக்குக்காக வைத்த ஏடு, ஒரு குடும்பத்தின் நாட்டுரிமைக்குச் சான்றாக வேண்டிய நிலை தோன்றியது. இக்குறை சட்டத்தால் பெருமளவு நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டத்துக்கு வெளியே சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன: 1941இற் சம்பளச் சபைகள், 1954இற் கடை அலுவலக ஊழியர் சட்டம், 1958இல் ஊழியர் சேமலாப நிதி. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தற் சட்டமும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் பதினைந்து ஊழியர் என்ற எல்லையைக் கொண்டுள்ளன. பதினான்கு பேருடன் நடக்கும் அச்சகமொன்று மேலும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் நாளில் அதன் கடப்பாடுகள் மாறுகின்றன. வளரும் நிறுவனத்தின் உரிமையாளர் அப்பதினைந்தாமவரை முன்னிட்டுத் தயங்குதல் இயல்பே. ஆனாற் பணிக்கொடை வேண்டிநிற்கும் முதுமை, பதினான்கு பேருள் ஒருவருக்கும் வரும்.

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1929இல் எழுதப்பட்ட சம்பள வேறுபாடு, 54க்கு 43 என்ற அதே அளவில் இல்லாவிடினும், பல தசாப்தங்கள் தொடர்ந்தது. கொழுந்து பறிப்போருட் பெரும்பான்மையினர் பெண்களே. இரு பாலாருக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல், வேலைநிறுத்தத்தின் பின்னரே, செக்ரோலில் ஏறியது.